வழங்கும் வழிகள்

ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் கீழே என்று பள்ளியில் கற்ற எவரும் தென்னிங்கிலாந்தின் நிலப்படத்தை விரித்தால் சற்றுத் திகைப்பர். சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ், பெர்க்ஷயர் டவுன்ஸ் என்று அங்கே பெயர் பெற்றிருப்பவை யாவும் குன்றுகள். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்பது குன்றைக் குறித்த சொல். 'குன்றிலிருந்து' என்ற பொருளுடைய 'ஆஃப் டூனெ' என்னும் தொடர் நாளடைவில் 'அடூனெ' எனச் சுருங்கி, பின்னர் முன்னெழுத்தும் தேய்ந்து, இறங்குதிசையைக் குறிக்கும் 'டவுன்' ஆயிற்று. குன்றின் பெயரே குன்றைவிட்டு இறங்குவதற்கும் பெயராகிவிட்டது.

சொற்பொருள் மாற்றத்தைப் பயிலும் தமிழ் மாணவருக்கு இங்கே இன்னொரு சொல் நினைவுக்கு வரும். 'வழங்குதல்' என்பதற்கு இன்று கொடுத்தல் என்பதே முதற்பொருள். சொற்கள் 'வழங்குகின்றன' என்னும்போது அவை புழக்கத்தில் இருக்கின்றன என்று பொருள். பழந்தமிழில் இதே வினைக்கு நடமாடுதல், உலவுதல் என்ற பொருளும் உண்டு. இவ்வினையோடு உறவுடைய 'வழக்கு' என்னும் பெயர் மொழிப்பயன்பாட்டையும் குறிக்கும். நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய உரிமைப் பூசலையும் குறிக்கும். நடத்தல், புழங்குதல், உரிமை கோருதல் ஆகிய மூன்றும் ஒரே சொற்குடும்பத்தில் அடங்கியிருக்கின்றன. தென்னிங்கிலாந்தின் வெண்குன்றுகளில் விடுமுறை நாளில் குழந்தைகளோடு உலாப் போகும் குடும்பங்களின் கதையும் இம்மூன்றால் ஆனதுதான்.

அக்குன்றுகள் எதனால் ஆனவை என்பதிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'சாக்' எனப்படும் அந்த மென்மையான வெண்பாறைக்குத் தமிழ் அகராதிகள் தரும் சொல் 'சீமைச்சுண்ணாம்பு'. கடல் கடந்து வந்த பொருள்களுக்கெல்லாம் சீமை என்ற அடைமொழி சூட்டிய காலத்தின் சொல் அது. கிரிட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இன்றைய தென்னிங்கிலாந்து வெதுவெதுப்பான கடலின் அடியில் இருந்தது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மிதவைப் பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் அக்கடலின் தரையில் ஓயாது படிந்தன. ஒரு சென்டிமீட்டர் படியவே பல நூற்றாண்டுகள் ஆயின; ஆயினும் பாறை பல நூறு மீட்டர் தடிமனுக்கு வளர்ந்தது. கிரிட்டேசியஸ் என்ற பெயரே சீமைச்சுண்ணாம்பைக் குறிக்கும் 'கிரேட்டா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்தின் அரியலூர்ப் பகுதியில் சங்குகளும் நத்தை ஓடுகளும் கல்லாகிக் கிடக்கும் படிவங்களும் இதே காலத்துக் கடல் விட்டுச்சென்றவை.

1868இல் நாரிச் நகரத்தின் உழைக்கும் மக்களுக்கு முன்னால் தாமஸ் ஹக்ஸ்லி ஆற்றிய பேருரைக்குத் தலைப்பு 'ஒரு சீமைச்சுண்ணாம்புத் துண்டைப் பற்றி' என்பது. தச்சர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு சிறு துண்டைக் கொண்டே பூமியின் வரலாற்றைச் சொல்லிவிட முடியும் என்று காட்டிய உரை அது. இன்றும் இக்குன்றுகளில் நடக்கும் குழந்தை முதலில் செய்வது, பாதையோரம் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து எதன்மேலாவது கோடு கிழித்துப் பார்ப்பதுதான். அடுத்துக் கையில் அகப்படுவது சக்கிமுக்கிக் கல். கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்கா கரைந்து, சீமைச்சுண்ணாம்பின் அடுக்குகளுக்கிடையே இறுகிய கரிய கட்டிகள் அவை. கற்கால மனிதன் கோடரி செய்ததும், பின்வந்தோர் தேவாலயச் சுவர் எழுப்பியதும் இதே கல்லைக் கொண்டுதான்.

இப்பாறையின் இன்னொரு இயல்பு, அது நீரை உறிஞ்சிக்கொள்வது. குன்றின் மேல் ஓடையைக் காண்பது அரிது; மழை முழுவதும் உள்ளே இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். ஆனால் ஆறில்லாத இக்குன்றுகளில் ஆறு குடைந்த பள்ளத்தாக்குகள் நிறைய உள்ளன. பிரைட்டனுக்கு வடக்கே உள்ள 'டெவில்ஸ் டைக்' அவற்றுள் புகழ்பெற்றது. சுமார் 100 மீட்டர் ஆழமான வறண்ட பள்ளத்தாக்கு. பனியூழியில் நிலம் உறைந்து கிடந்தபோது உருகுநீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே பாய்ந்து அதனை வெட்டியது. நிலம் உறைவிலிருந்து மீண்டபின் நீர் பாறைக்குள் இறங்கிவிட்டது. பள்ளம் மட்டும் எஞ்சியது. இப்போது அதன் அடித்தளத்தில் ஓடுவது ஒற்றையடிப் பாதை. 'ஆறு' என்னும் தமிழ்ச்சொல் நதியையும் வழியையும் ஒருங்கே குறிப்பது ஏன் என்று விளக்க வேண்டிய ஆசிரியர், மாணவரை இப்பள்ளத்தாக்கில் நிறுத்தினால் போதும்.

குழந்தைகளுக்கு அங்கே சொல்லப்படும் கதை வேறு. அடிவாரத்துச் சமவெளியில் பெருகிவந்த தேவாலயங்களைப் பொறுக்காத சாத்தான், கடல்நீரைக் கொணர்ந்து அவற்றை மூழ்கடிக்க ஒரே இரவில் கால்வாய் வெட்டத் தொடங்கினானாம். ஓசை கேட்டு விழித்த கிழவி ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றினாள், சேவல் கூவியது, விடிந்துவிட்டதென்று அஞ்சி அவன் வேலையை முடிக்காமலே ஓடிவிட்டான். இக்கதை, குழந்தையை அந்தச் சரிவின் உச்சிவரை நடத்திக் கூட்டிச்செல்லும் அளவுக்குப் போதுமானது.

சிறுவர்க்கு இக்குன்றுகள் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் அளவு. சவுத் டவுன்ஸின் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்றான டிட்ச்லிங் பீக்கனின் உயரம் 248 மீட்டர்தான். வடக்கு முகம் செங்குத்தாக எழும்பினாலும் தெற்குச் சரிவு கடலை நோக்கி மெல்லத் தாழ்கிறது. மேலே ஏறிவிட்டால் நடை ஏறக்குறைய சமதளம். மரங்கள் குறைவாதலால் வந்த வழியும் போகும் வழியும் கண்ணுக்குத் தெரிகின்றன. 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்கும் குழந்தைக்குச் சுட்டுவிரலால் விடை சொல்லிவிடலாம். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன்வரை இம்முகட்டில் செல்லும் சவுத் டவுன்ஸ் வழியின் நீளம் 160 கிலோமீட்டர். குடும்பங்கள் அதில் இரண்டோ மூன்றோ கிலோமீட்டரை வளையமாக எடுத்துக்கொள்கின்றன. தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் குன்றையே விட்டுவிட்டுக் கக்மியர் ஆற்றின் வளைவுகளை ஒட்டிய சமதளப் பாதையில் கடற்கரைவரை போய்த் திரும்புகின்றன. அங்கிருந்து 'ஏழு சகோதரிகள்' எனப்படும் வெண்பாறைச் சுவர் முழுமையாகத் தெரியும். அச்சுவரின் உச்சி விளிம்பை மட்டும் அணுகக்கூடாது. கடல் அடியில் அரித்துக்கொண்டே இருப்பதால் மேலே உறுதியாகத் தோன்றும் புல்தரை எப்போது வேண்டுமானாலும் சரியலாம். மழைக்குப் பின் நனைந்த சீமைச்சுண்ணாம்பு சோப்பைப் போல் வழுக்கும் என்பதும், ஆடு மேயும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும் என்பதும், கதவு இருந்த நிலையிலேயே அதை விட்டுச்செல்ல வேண்டும் என்பதும் அங்கே பிள்ளைகள் எழுத்தறிவுக்கு முன்பே பெறும் அறிவு.

பாதத்தின் கீழே மெத்தைபோல் அழுந்தும் அந்தப் புல்தரை இயற்கையாக அமைந்தது என்றுதான் புதிதாக வருபவர் எண்ணுவர். அது இயற்கை மட்டும் அன்று. மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் முட்புதரும், அதன்பின் காடும் எழும். பல நூற்றாண்டுகளாகச் செம்மறிகள் ஒட்ட மேய்ந்ததால் உயரமான புற்கள் ஓங்க முடியவில்லை. தரையோடு தரையாகப் படரும் தைம் முதலிய சிறு செடிகளுக்கு ஒளி கிடைத்தது. ஊட்டம் குறைந்த மண்ணாதலால் எந்த ஒரு செடியும் மற்றவற்றை அடக்கிவிடவும் முடியவில்லை. நல்ல நிலையிலுள்ள இடத்தில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்வரை இருக்கும். இப்பகுதியின் குறுங்கால் செம்மறியைச் செம்மைப்படுத்திப் புகழ்பெறச் செய்தவர் கிளைண்ட் ஊரின் ஜான் எல்மன். அவர் காலத்தில் இக்குன்றுகளின் அழகு என்று தனியாக ஒன்று இல்லை, ஆட்டின் தீனி இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போதும் அதன் பின்னரும் உணவு உற்பத்திக்காக உழுபடை குன்றேறியது. பழைய புல்தரையின் பெரும்பகுதி அழிந்தது. உழுதபின் அதனை மீட்கப் பல தலைமுறைகள் வேண்டும்.

1953இல் மிக்ஸோமடோசிஸ் என்னும் நோய் பிரிட்டனை அடைந்து முயல்களைக் கொன்றுகுவித்தது. ஆடுகள் அகன்ற சரிவுகளில் அதுவரை புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை முயல்களே. புல் உயர்ந்தது, குறும்புல்லை நம்பியிருந்த அடோனிஸ் நீலன் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் பல குன்றுகளிலிருந்து மறைந்தன. இதே காலத்தில் மேற்கு இங்கிலாந்துச் சரிவுகளில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையான பாடம். 'லார்ஜ் புளூ' என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒருவகைச் சிவப்பெறும்பின் புற்றுக்குள் வளர்கிறது. அவ்வெறும்போ வெயில் படும் குறும்புல் தரையில்தான் வாழும். பூச்சி சேகரிப்போரே அழிவுக்குக் காரணம் என்று கருதி வேலியிட்டுக் காத்த இடத்தில், வேலி ஆடுமாடுகளையும் தடுத்தது, புல் வளர்ந்தது, தரை குளிர்ந்தது, எறும்பு அகன்றது. 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. உயிரியலாளர் ஜெரமி தாமஸ் இக்காரணத்தைக் கண்டறிந்த பிறகு, சுவீடனிலிருந்து கொணர்ந்து மேய்ச்சலுள்ள இடங்களில் விட்டார்கள். அது மீண்டும் நிலைபெற்றது. கால் படாமல் காப்பதே பாதுகாப்பு என்ற எளிய நம்பிக்கை அங்கே பொய்த்துப்போனது.

நார்த் டவுன்ஸின் டவுன் என்ற சிற்றூரில் 1842முதல் தம் இறுதிவரை வாழ்ந்த சார்லஸ் டார்வினின் வீட்டிலும் உலா ஒரு குடும்ப வழக்கமாக இருந்தது. வீட்டுத் தோட்டத்தின் கோடியில் 'சேண்ட்வாக்' என்னும் பாதையில் அவர் நாள்தோறும் சுற்றிவருவார். சுற்றுக்கணக்கு தவறாதிருக்கச் சக்கிமுக்கிக் கற்களை ஓரிடத்தில் வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார் என்று அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அதே பாதைதான் பிள்ளைகளின் விளையாட்டிடமும். மண்புழுக்களைப் பற்றி டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் அருகிலிருந்த ஒரு வயல் வருகிறது. 1841இல் கடைசியாக உழப்பட்ட அவ்வயல் சக்கிமுக்கிக் கற்களால் நிறைந்திருந்தது. பிள்ளைகள் அதற்குக் 'கல்வயல்' என்று பெயரிட்டிருந்தனர். அவர்கள் சரிவில் ஓடும்போது கற்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. 30 ஆண்டுகள் கழித்து, ஒரு குதிரை வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரு கல்லிலும் குளம்பு படாமல் ஓடக்கூடிய நிலை வந்தது. மண்புழுக்கள் கீழிருந்த மண்ணை மேலே கொணர்ந்து கற்களைப் புதைத்துவிட்டன. 1842இல் இன்னொரு வயலில் அவர் பரப்பிவைத்த சீமைச்சுண்ணாம்புத் துண்டுகள், 1871இல் பள்ளம் தோண்டியபோது சுமார் 18 சென்டிமீட்டர் ஆழத்தில் வெள்ளைக் கோடாகத் தென்பட்டன.

புழு ஓய்வதில்லை, புல்லும் ஓய்வதில்லை. மேலே விட்டுவைத்த எதையும் நிலம் மூடிவிடும். அப்படியிருந்தும் அஃபிங்டன் ஊருக்கருகே பெர்க்ஷயர் டவுன்ஸின் சரிவில் 110 மீட்டர் நீளமுள்ள வெள்ளைக் குதிரை ஒன்று ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. புல்லை வெட்டிப் பள்ளமாக்கி, அதில் நொறுக்கிய சீமைச்சுண்ணாம்பை இட்டு நிரப்பிய உருவம் அது. எவர் ஏன் வரைந்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனால் ஒன்று உறுதி: நூறு தலைமுறைகளாக அதனை எவரோ துலக்கிவந்திருக்கிறார்கள். துலக்காமல் விட்டிருந்தால் சில பத்தாண்டுகளிலேயே புல் அதனை விழுங்கியிருக்கும். பழைய நாளில் துலக்குதலே திருவிழாவாக நடந்தது. தாமஸ் ஹியூஸ் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இரண்டாம் உலகப்போரில் எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடக்கூடாதென்று குதிரையை மூடிவைத்துப் பின்னர் மீண்டும் திறந்தனர். இன்று நேஷனல் டிரஸ்ட் அழைக்கும் நாளில் குடும்பங்கள் சுத்தியலோடு மண்டியிட்டுப் புதுச் சுண்ணாம்பைக் கொட்டி அடிக்கின்றன. அடிக்கும் சிறுவனுக்கு முழு உருவமும் தெரிவதில்லை; ஒரு காலின் ஓரமோ கழுத்தின் ஒரு சாணோதான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

சொற்களுக்கும் இதே நிலைதான். சவுத் டவுன்ஸின் அடிவாரத்தில் செல்மெஸ்டன் ஊரின் போதகராக இருந்த வில்லியம் டக்ளஸ் பாரிஷ், தம் மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து 1875இல் சசெக்ஸ் வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். குன்றின் செங்குத்து முகத்தில் சாய்வாக ஏறும் பாதைக்கு 'பாஸ்டல்'. இரு சுவர்களுக்கோ வேலிகளுக்கோ இடைப்பட்ட சந்துக்கு 'ட்விட்டன்'. அடிவாரக் களிமண் நிலத்தின் சேற்றுக்கு மட்டும் எத்தனையோ சொற்கள். கெட்டியான சேறு ஒன்று, மேலாக மட்டும் ஈரம் பூத்த சேறு ஒன்று, அழுகிய கரிய சேறு ஒன்று. 'ட்விட்டன்' லூயிஸ், பிரைட்டன் தெருக்களில் இன்றும் உயிரோடிருக்கிறது, ஏனெனில் அச்சந்துகளில் மக்கள் இன்றும் நடக்கிறார்கள். 'பாஸ்டல்' பெரும்பாலும் சாலைப் பெயர்ப்பலகைகளில் ஒதுங்கிவிட்டது. அகராதி ஒரு சொல்லைப் பதிவு செய்யும். வழங்கச் செய்ய அதனால் இயலாது.

'டவுன்' என்னும் சொல் மட்டும் சட்டப்புத்தகத்திலும் இடம்பிடித்தது. 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற வழியுரிமைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, உயர்நிலச் சதுப்பு, புதர்நிலம், டவுன் ஆகிய நான்கு வகைத் திறந்தவெளிகளில் பாதையைவிட்டு விலகியும் நடக்கும் உரிமையை அனைவர்க்கும் தந்தது. ஆனால் அதே சட்டம், உரமிட்டும் விதைத்தும் 'மேம்படுத்திய' புல்நிலம் இவற்றுள் அடங்காது என்று வரையறுக்கிறது. விளைவு விந்தையானது. நிலப்படத்தில் டவுன் என்று பெயர் பெற்ற குன்று, உழவுக்கு ஆட்பட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் டவுன் அன்று. பெயர் நிற்கிறது, பொருள் போய்விட்டது, பொருளோடு உரிமையும் போய்விட்டது. ஆகவே இக்குன்றுகளின் பெரும்பகுதியில் இன்றும் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை பழைய ஒற்றையடிப் பாதைகளே.

அப்பாதைகளின் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் மிக வியப்பானது. நிலம் தனியாருடையது, அதன் குறுக்கே செல்லும் வழி பொதுவினுடையது. 1949ஆம் ஆண்டின் சட்டம் எல்லாப் பொதுவழிகளையும் கண்டறிந்து உறுதிப் படத்தில் பதியுமாறு மாவட்ட அவைகளுக்கு ஆணையிட்டது. சிற்றூர்ச் சபைகள் தத்தம் எல்லைப் பாதைகளை ஆராய்ந்து பட்டியலிட்டன. சில ஊர்கள் ஆர்வத்தோடு செய்தன. சில ஊர்கள் அசட்டையாக விட்டன. இன்று ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுப் படத்தில் பச்சைக் கோட்டுத் துணுக்குகளாகத் தெரிபவை அவ்வாறு பதிவானவை. விடுபட்டவை பல. பழைய பாதைகளை 2026க்குள் பதியாவிட்டால் அவற்றின் உரிமை அற்றுப்போகும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு விதித்திருந்தது. தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்களில் பழைய படங்களைப் புரட்டினர். இங்கிலாந்தில் கெடு 2031க்கு நீட்டிக்கப்பட்டது. அதையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது.

ஆவணமே இல்லாத பாதைக்கும் ஒரு வழி உண்டு. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, ஒரு வழியில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடையறாது உரிமையோடு நடந்திருந்தால், அது பொதுவழியாக ஈந்தளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்; நில உரிமையாளர் தமக்கு அந்நோக்கம் இல்லை என்பதை அக்காலத்தில் வெளிப்படையாகக் காட்டியிருந்தாலன்றி. உரிமையோடு என்பதற்கு மூன்று நிபந்தனைகள்: வன்முறையால் நடந்திருக்கக்கூடாது, ஒளிந்து நடந்திருக்கக்கூடாது, அனுமதி கேட்டும் நடந்திருக்கக்கூடாது. எவரிடமும் கேட்காமல், எவருக்கும் அஞ்சாமல், பட்டப்பகலில், அது தம் வழி என்ற இயல்பில் நடந்திருக்க வேண்டும்.

இத்தகைய கோரிக்கை எழும்போது ஊரார் சான்றுப் படிவங்களை நிரப்புகின்றனர். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை நடந்தீர்கள், எவ்வளவு அடிக்கடி, எதற்காக, எவரேனும் எப்போதாவது தடுத்ததுண்டா, பூட்டிய கதவோ அறிவிப்புப் பலகையோ இருந்ததா என்பன போன்ற கேள்விகள் அதில் வரும். கடைக்குப் போனேன், பேருந்தைப் பிடிக்கப் போனேன், நாயோடு போனேன் என்பவையெல்லாம் அங்கே செல்லுபடியாகும் விடைகள். இருபது ஆண்டுக் கணக்கை நிறைவு செய்ய வேண்டுமானால், பலருக்கு அது சிறுவயதுவரை பின்னோக்கிப் போகும். ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, சாத்தானின் கதையைக் கேட்டபடி, காலணியில் வெள்ளைச் சேறு ஒட்ட நடந்தவர் நாற்பதாம் வயதில் அப்படிவத்தின் முன் அமர்ந்து, 'எதற்காக நடந்தீர்கள்' என்ற கேள்விக்கு எதிரே 'உலாவ' என்று எழுதினால் போதும்.